இறுக்கிப் பிடித்த முழங்கால்

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போய் வந்தோம். வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்து நான்கு வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. எக்ஸ்ரே அழகாக இருக்கிறதாம். கால்தான் மடங்கவில்லை. டாக்டர் என்னை மேசை விளிம்பில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்ட கதவு போல ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"நான் வெச்ச மூட்டு நல்லாவே மடங்கும் மேடம். மேல இருக்கற தசையும் தழும்பும்தான் விடமாட்டேங்குது. ஒரு மாசம் பார்ப்போம். தொண்ணூறு டிகிரியைத் தாண்டலைன்னா மயக்கம் கொடுத்து நானே மடக்கி விட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

அதுவரை பெனாசிர் என்ற பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கையாலேயே தசையையும் தழும்பையும் இளக்கிவிடுவாராம். காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின் நல்லதா, கை நல்லதா என்று டாக்டருடைய ஜூனியர் ஓர் ஆய்வு செய்கிறார். நான் கை குழுவில் இருக்கிறேன்.

"ஸ்டாடிஸ்டிக்ஸ் ப்ரொஃபசரே எங்க ஸ்டடில இருக்கீங்க, லக்கிதான்" என்றார் டாக்டர்.

மொத்தம் எத்தனை நோயாளிகள் என்று கேட்டேன். நாற்பது என்றார் ஜூனியர். போதாது என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டேன்.

வண்டியில் வரும்போது மோகனா கேட்டாள். "ஏனுங் நங்கையா, தடவி உட்டாச் செரியாப் போயிருமுங்களா?"

போகாது என்றேன். மோகனா என் தம்பி மனைவி. நங்கையா என்றால் எங்கள் பக்கம் நாத்தனார். எனக்கு ஆபரேஷன் என்றதும் ஊரில், கோபியில், வீட்டைப் போட்டுவிட்டு வடவள்ளியில் என் வீட்டுக்கு வந்து என்னோடு இருக்கிறாள். அவள் மகளுக்கு இது பிளஸ் டூ வருடம். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. தினமும் காலையில் மகளைப் போனில் எழுப்பிவிடுகிறாள்.

ஜூன் 5, வியாழன்

பெனாசிர் வந்தார். முப்பத்தைந்துக்குள் இருக்கும். பர்தாவைக் கழற்றி நாற்காலி முதுகில் மடித்துப் போட்டு, சுடிதார் கையை முழங்கை வரை சுருட்டி, கை கழுவி வந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"நைட்டியக் கொஞ்சம் மேல ஏத்திக்கோங்க மேடம். தொடை வரைக்கும்."

மோகனா முறுக்குத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

என் காலை நானே சரியாகப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. முப்பத்தொன்றில் முடக்குவாதம் வந்தது. இப்போது நாற்பத்தெட்டு. தொடை வற்றி, முழங்கால் பனங்காய் போல வீங்கி, நடுவில் செங்குத்தாக ஒரு தழும்பு. சருமம் செதில்செதிலாக இருந்தது. இதை இன்னொருவர் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

அவர் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் ஒரு கையைக் குதிகாலிலும் கொடுத்துத் தூக்கினார்.

"உடுங்க மேடம்."

"விட்டுத்தான் இருக்கேன்."

"இல்லீங்க. காலை எங்கையில குடுங்க. நீங்களே தூக்கிட்டு இருக்கறீங்க."

"இல்லை."

"பாருங்க. நான் கைய எடுத்துட்டேன்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் கால் யாரும் பிடிக்காமல் காற்றில் நின்றுகொண்டிருந்தது. பெனாசிர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

பிறகு முழங்கால் சில்லைப் பக்கவாட்டில் நகர்த்தினார், தொடைத் தசையைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி ஏற்றினார். வலி பத்துக்கு எத்தனை என்றார். ஒருவர் சொல்லும் ஆறும் இன்னொருவர் சொல்லும் ஆறும் ஒன்றல்ல, அந்த எண்ணுக்கு அளவலகே கிடையாது என்றேன்.

"செரிங்க, அலகு இல்லாமயே சொல்லுங்க."

ஆறு.

ஜூன் 6, வெள்ளி

தொடையில் கன்றியிருக்கிறது. இனி வரவேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் வரும் நேரமான நான்கு மணிக்கு நான் ஏன் நைட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று மோகனா கேட்டாள். வியர்வை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு நாளாக ஆய்வுக் கட்டுரைகள் படித்தேன். கையால் செய்யும் இந்தச் சிகிச்சைக்கு ஆதரவாக இருப்பவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். சிலவற்றில் ஒப்பிடக் குழுவே இல்லை. சிகிச்சை செய்தவரே அளந்தும் இருக்கிறார். இதைப் பெனாசிரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் என் பின்தொடையில் கயிறு போல இறுகியிருந்த தசையை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்குமுங்க மேடம். நான் பாட்டுக்கு வேலையப் பாக்கறேன். நீங்க பாட்டுக்கு நம்பாம இருங்க."

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார். "சென்னைல ஒரு ஒர்க்‌ஷாப் போனேனுங்க. தசையில துக்கம் தங்கியிருக்கும், அழுத்துனா வெளிய வருமுன்னு சொன்னாங்க."

"அதுக்கு ஆதாரமே இல்லை."

"எனக்கும் நம்பிக்கை இல்லீங்க. சாப்பாடு நல்லாப் போட்டாங்க, சர்ட்டிபிகேட் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்துட்டேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த நேரத்தில் கால் கொஞ்சம் மடங்கிவிட்டது. "பாத்தீங்களா, மறந்துட்டீங்க" என்றார்.

ஜூன் 12, வியாழன்

தழும்பைத் தொட ஆரம்பித்தார். அதன் இரண்டு பக்கத்துத் தோலையும் விரல் நுனியால் கிள்ளாமல் தூக்கி, அலை போல நகர்த்திக்கொண்டே போனார். அடியில் ஒட்டியிருக்கிறதாம். முதலில் எரிச்சல், பிறகு ஒன்றுமில்லை, பிறகு வெதுவெதுப்பு. தூங்கிப்போனேன். வாய் திறந்து, குறட்டை விட்டு. விழித்தபோது அவர் வேலையை முடித்து, நைட்டியை இறக்கிவிட்டு, போர்வையைக் கால்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பதினேழு வயதுப் பெண்கள் அறுபது பேர் முன்னால் ஒரு நாளும் கொட்டாவிகூட விடாதவள் நான்.

கடைசியாக என்னை யார் தொட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். டாக்டர்கள், நர்சுகள். அதற்கு முன் பல் மருத்துவர். அதற்கும் முன் பெரிய கடைவீதியில் வளையல் கடைக்காரர், என் மணிக்கட்டைப் பிடித்து அளவு பார்த்தார். அது கொரோனாவுக்கு முன்பு. அம்மா இறந்த வருடம்.

இது ஒரு தகவல்தான். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று அளந்தார். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானிக்கு இரண்டு பிளாஸ்டிக் கை முளைத்தது போல ஒரு கருவி. எண்பத்தெட்டு. பெனாசிருக்குத் தன் காலே மடங்கியது போல சந்தோஷம். மோகனாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னும் ரெண்டு மூணு தடவை வந்தாப் போதுங்க மேடம். மீதிய நீங்களே பண்ணிக்குவீங்க. எனக்காக நாலஞ்சு பேர் காத்துட்டு இருக்காங்க."

"அப்ப நானும் அடுத்த வாரம் கெளம்பீரலாமுங்க நங்கையா" என்றாள் மோகனா. "புள்ள தெனமும் ஓட்டல் இட்லி திங்கறா."

எல்லோரும் மகிழ்ந்தோம். மாலையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்தேன். துணி மடித்தேன். மாணவி ஒருத்தியின் ஆய்வறிக்கையில் இரண்டாம் அத்தியாயம் திருத்தினேன். பொருந்தாத இரண்டு எண்களைக் காரணம் சொல்லாமல் நீக்கியிருக்கிறாள். நேர்மையற்ற செயல் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்

எழுபத்தைந்து.

பெனாசிர் மறுபடி மறுபடி அளந்தார். "எங்கியாச்சும் வழுக்கி உழுந்தீங்களா?" இல்லை என்றேன். அது உண்மை. சில சமயம் பின்னால் போகும், கவலைப்பட வேண்டாம் என்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்து செய்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

எழுபத்திரண்டு. வலி எட்டு என்று சொன்னேன்.

அவர் போன பிறகு மோகனா முருங்கைக்காயையும் கத்தியையும் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நேத்து நீங்க கீரை ஆஞ்சுட்டு இருந்தீங்கல்ல நங்கையா, பால்கனில."

"ஆமா."

"குட்டி ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க. காலு நல்லா உள்ளார மடங்கியிருந்துச்சு."

"நீட்டித்தான் வெச்சிருந்தேன்."

"ஓ. அப்ப என்ற கண்ணுதான் செரியில்ல போலிருக்குதுங்."

சாம்பாரில் உப்புத் தூக்கல். சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தம்பி போன் செய்தான். மோகனா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "இன்னும் மடங்கலீங்க, நான் என்ன பண்ணட்டும்" என்பது மட்டும் கேட்டது.

ஜூன் 24, செவ்வாய்

பரிசோதனை. பெனாசிரையும் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் என் கணுக்காலைப் பிடித்துத் தள்ளினார். எழுபதில் நின்றது.

ஜூனியர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே சொன்னார். "சார், மெஷின் குரூப்ல எல்லாருமே தொண்ணூறைத் தாண்டிட்டாங்க. கை குரூப்ல இதோட மூணாவது ஃபெயிலியர்."

டாக்டர் பெனாசிரைப் பார்த்தார். "என்னம்மா, மூணு வாரமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"எண்பத்தெட்டு வந்துதுங்க சார். அப்புறம் ஏனோ கொறைஞ்சுருச்சு."

"எண்பத்தெட்டு வந்தது எப்படிம்மா எழுபதாகும்? அளந்தது சரியா?"

பெனாசிர் கோணமானியைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"ப்ரொஃபசர், நீங்க சொல்லுங்க. எண்ணெல்லாம் உங்க ஏரியா. இந்தத் தடவி விடறதையே நிறுத்திட்டு அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாருக்கும் மெஷின் கொடுத்துடலாமான்னு பாக்கறேன். ஸ்டடியும் அப்படித்தான் போகுது. பிரயோஜனம் இருந்துச்சா உங்களுக்கு?"

"ஒரு நோயாளியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றேன்.

சரியான வாக்கியம். எந்தப் புத்தகத்திலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஜூலை 3, வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து மடக்க நாள் குறித்தார்கள். லிஃப்டில் நாங்கள் மூவரும் இறங்கினோம். இரண்டாவது தளம் தாண்டியதும் பெனாசிர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ற கையிலதானுங்க ஏதோ கொறை. இவ்வளவு வருசம் செஞ்சும் எங்க தப்புப் பண்றேன்னு புரியலீங்க மேடம்."

மோகனா என்னைப் பார்த்தாள். நான் தளத்தின் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

மயக்கத்தில் மடக்குவதைப் பற்றிப் படித்தேன். மயக்க மருந்து ஏறியதும் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். உள்ளே தழும்பு ஒட்டியிருந்தால் மட்டுமே கால் தடுக்கும். டாக்டர் மெல்ல அழுத்தும்போது அது பிரியும் சத்தம்கூடக் கேட்குமாம். ஒட்டவில்லை என்றால் தடுக்க ஒன்றும் இருக்காது. டாக்டர் தொடையைத் தூக்கியதுமே கீழ்க்கால் தன் எடையில் தொங்கிவிடும்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு மயக்க மருந்தைக் கண்டு பயமில்லை. வலியைக் கண்டும் இல்லை. அந்த மேசைமேல் நான் நினைவில்லாமல் கிடப்பேன். கால் பாட்டுக்கு மடங்கும். டாக்டரும் ஜூனியரும் நர்சுகளும் அதைப் பார்ப்பார்கள். நான் கண் விழிக்கும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எந்த நொடியில் தெரிந்தது என்பது எனக்கு மட்டும் தெரியாது.

இதற்கு மேலும் சுற்றி வளைத்து எழுத முடியாது. எண்பத்தெட்டு வந்த அன்று மாலையே குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தொண்ணூறைத் தாண்டி மடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இறுக்கிப் பிடித்தேன். எப்படி விடுவது என்று பெனாசிர் கற்றுக்கொடுத்ததால்தான் எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரிந்தது.

இன்னும் சில நாள் வர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்டிருப்பார். சும்மா வந்து தொட்டுவிட்டுப் போங்கள் என்றா சொல்வது?

ஜூன் 28, சனி

கடைசியாக ஒரு தடவை வருகிறேன் என்று பெனாசிர் நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார். வந்தார். கையைச் சூடாக்கிக்கொள்ளும்போது வழக்கமான பேச்சு இல்லை. இந்த மாதத்தோடு வேறு மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். டாக்டர் தன் நோயாளிகளுக்கு இனி இவரை அனுப்பப்போவதில்லை.

"சிட்டில யாருங்க எடுப்பாங்க. பெரிய டாக்டரு வேண்டாமுன்னு சொன்னவங்கன்னு அதுக்குள்ள பேச்சாயிரும்."

"பெனாசிர்."

"சொல்லுங்க மேடம்."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, மடக்கினேன். குதிகால் கட்டிலின் அடிச்சட்டத்தைத் தொட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் கைப்பைக்குள் கைவிட்டுக் கோணமானியை எடுத்தார். அளக்காமல் திரும்ப வைத்தார்.

"எப்பலேர்ந்துங்க?"

"நீங்க எண்பத்தெட்டுன்னு சொன்ன நாள்லேர்ந்து."

"அப்ப செவ்வாக்கெழமை, டாக்டர் தள்ளும்போது?"

"பிடிச்சுக்கிட்டேன்."

அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நான் புக்கெல்லாம் எடுத்து வெச்சுப் படிச்சுட்டு இருந்தேனுங்க மேடம். வேற பேஷண்டுகளத் தொடறதுக்கே பயந்துட்டு இருந்தேன். நம்ம எங்கியோ தப்பாப் புடிச்சு இந்தம்மாவுக்குக் காலப் போக்கிட்டமோன்னு. எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன்." நிறுத்தினார். "எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

"பயமா இருந்தது" என்றேன்.

அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லீருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு." பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறிப் போட்டுவிட்டு, கழற்றி மறுபடி போட்டார். தொடாமலே போனார்.

ஜூலை 1, செவ்வாய்

முன்பதிவு இல்லாமல் போனோம். வெளியில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர், ஜூனியர், ஒரு நர்ஸ். பின்னால் ஃபைலோடு மோகனா.

மேசையில் உட்கார்ந்து காலை மடக்கிக் காட்டினேன். டாக்டர் குனிந்து பார்த்தார், தானே பிடித்து மடக்கியும் பார்த்தார். தாராளமாகத் தொண்ணூறைத் தாண்டியது.

"ஒரு வாரத்துல எப்படி?"

"ஒரு வாரத்துல இல்லை. ரெண்டு வாரமா மடங்குது. நான்தான் மடங்க விடலை. உங்க ஜூனியர் எழுதி வெச்சிருக்கற என்னோட எண்கள் தப்பு. ஃபெயிலியர்னு போட்டிருக்கறதை எடுத்துடச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "பயந்துட்டீங்களா? நிறையப் பேர் அப்படித்தான் மேடம். இதுல ஒண்ணுமில்ல." ஜூனியர் பக்கம் திரும்பினார். "பார்த்தியா, இதத்தான் நான் சொல்றது. கைல அழுத்தினா பேஷண்டு வலிக்குப் பயந்து இறுக்கிக்குவாங்க. மெஷின்ல அந்தப் பயம் இல்ல. இதையும் ஸ்டடி ரிப்போர்ட்ல, டிஸ்கஷன் பகுதில ஒரு பாயிண்ட்டா எழுதிக்கோ."

ஜூனியர் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார்.

பயம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பயமே பெனாசிருக்கு எதிராகப் போய் உட்கார்ந்துகொண்டது. தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் அந்த வரி முடிந்துவிடும்.

"எழுதாதீங்க" என்றேன். "வலிக்குப் பயந்து இல்லை. வலியே இல்லை. எட்டுன்னு நான் சொன்னது பொய்."

"அப்புறம் எதுக்கு?"

"மடங்கிட்டா அவங்க வர்றதை நிறுத்திடுவாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. இன்னும் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் தனியா இருக்கேன் டாக்டர். என்னை யாரும் தொடறதில்லை. அவங்க தொட்டது நல்லா இருந்தது. அது நிக்கக் கூடாதுன்னுதான் காலை இறுக்கிப் பிடிச்சேன். அவங்க சிகிச்சை ரெண்டாவது வாரமே வேலை செஞ்சுடுச்சு."

தட்டச்சு நின்றது. ஜூனியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் மாணவிகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். காது நுனி சிவந்திருந்தது. நர்ஸ் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் நினைப்பது போல இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும். நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சரி. வியாழக்கிழமை கேன்சல் பண்ணிடலாம்."

"பெனாசிர்?"

"பார்க்கலாம் மேடம்."

"பார்க்கலாம்னா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த மூணு ஃபெயிலியரையும் திரும்பப் பார்க்கச் சொல்றேன். அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுப் பேசறேன். போதுங்களா?"

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மோகனா ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். ரசம் வைத்தாள். சாப்பிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

பெனாசிர் போன் செய்தார். டாக்டர் கூப்பிட்டுப் பேசினாராம். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு புதிய நோயாளிகளை அனுப்புகிறார். மெஷினும் இருக்கும், கையும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொன்னாருங்க."

போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்குக் கோவம் போகலீங்க மேடம். சொல்லிடறேன்."

"போக வேண்டாம்."

"அன்னிக்கு என்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல. பயமுன்னு சொன்னீங்க."

"அதுவே கஷ்டமா இருந்தது."

பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. அவர் போனைக் கையால் மூடி யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"நான் இனி வரமாட்டனுங்க. உங்களுக்குத் தேவையில்ல."

"தெரியும்."

"தழும்பை மட்டும் தெனமும் நீங்களே நகத்தி உடுங்க. கொஞ்ச நேரம் போதும்." குக்கர் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "வைக்கறனுங்க."

மாலையில் அவர் சொன்ன மாதிரி உட்கார்ந்து தழும்பை நகர்த்திப் பார்த்தேன். அவர் செய்த இடம், அவர் செய்த விதம். ஆனால் விரல் அடுத்து எங்கே போகப்போகிறது என்பது காலுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒட்டியது பிரியும். அதற்கு இது போதும். வேறு எதற்கும் போதாது.

ஜூலை 4, வெள்ளி

மோகனா மதியம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். காலையிலேயே பையைக் கட்டி வைத்துவிட்டாள். ஃப்ரிட்ஜில் மூன்று நாளைக்கு மாவு, புளிக்குழம்பு, துவையல். எது எந்தப் பாத்திரத்தில் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். செவ்வாய்க்கிழமை கேட்டதைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. என்மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தையும் சொல்லவில்லை. இரண்டு வாரம் மகளை விட்டுவிட்டு என் பொய்க்காகச் சமைத்திருக்கிறாள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தன் தலைக்கு வைத்துக்கொள்ளப் போனாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவளுக்குத் தப்பாது.

கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். டாக்டர் அறையில் அத்தனை பேர் முன்னால் சொன்னது இதைவிட எளிது. அங்கே இன்னொருத்தியின் பிழைப்பு இருந்தது. இங்கே என்னைத் தவிர யாருமில்லை.

"மோகனா."

"சொல்லுங் நங்கையா."

"எனக்கும் கொஞ்சம் வெச்சு விடறியா? தலைக்கு."

கிண்ணத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குட்டி ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"முடியெல்லாம் சடை விழுந்து கெடக்குது. எத்தன நாளா நானும் பாத்துட்டு இருக்கறேன். கேட்டாத் திட்டுவீங்களோன்னு உட்டுட்டேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் விரல்களில் மென்மை எல்லாம் இல்லை. சிக்கு விழுந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்தாள். உச்சியில் எண்ணெய் ஊற்றி, அரைக்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள். கோபியில் பக்கத்து வீட்டுக்காரி சுவர் எழுப்பிய விஷயம், மகள் கெமிஸ்ட்ரியில் வாங்கிய மார்க், தம்பிக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாதது. எதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தலையக் கொஞ்சம் உடுங்க. இப்பிடி வெறைப்பா வெச்சிருந்தா நான் எப்பிடித் தேய்ப்பேன்."

கண்ணை மூடினால் தப்பாக நினைத்துக்கொள்வாளோ என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.